கொண்டுபோய் விட்டால் சரியாகிவிடுமா?

வாசகர் கேள்விகள் – மனநல மருத்துவர் பதில்கள்

போதைப் பழக்கம், சிகிச்சை, மறுவாழ்வு மையம் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சென்ற இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். ஐந்தாறு கடிதம் வரும் என்று நினைத்தேன், மேசை நிறைந்துவிட்டது. எழுதியவர்களில் பெரும்பாலோர் அம்மாக்கள், மனைவிகள், அக்கா தங்கைகள். பழக்கத்தில் இருப்பவர்களே எழுதியது மூன்றே மூன்று. அவை மூன்றையும் இங்கே எடுத்திருக்கிறேன். பெயரையும் ஊரையும் எல்லாவற்றிலும் நீக்கியாயிற்று. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவருக்குப் பதினெட்டு வருடக் குடிப்பழக்கம். காலையில் எழுந்ததும் கை நடுங்கும், ஒரு வாய் உள்ளே போனால்தான் நிற்கும். மையத்துக்கு வரமாட்டேன் என்கிறார். ஆனால் "நாலு நாள் என்னை அறையில் வைத்துப் பூட்டிவிடு, விட்டுவிடுகிறேன்" என்று அவரே சொல்கிறார். என் தம்பியும் கூட இருப்பதாகச் சொல்கிறான். செய்யலாமா டாக்டர்?

பதில்: வேண்டாம் அம்மா. அவராக விட நினைக்கிறார், அது பெரிய விஷயம்தான், ஆனால் பூட்டிய அறை அதற்கான இடம் இல்லை.

காலையில் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. பல வருடம் தினமும் மது போன உடம்பில் மூளை அந்த மந்தத்துக்கு எதிராக எப்போதும் ஒரு படி கூடுதல் வேகத்தில் ஓடப் பழகியிருக்கும். மதுவைத் திடீரென்று எடுத்துவிட்டால் வேகம் மட்டும் மிஞ்சும், பிடிக்க பிரேக் இருக்காது. கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். அதற்குப் பிறகு, இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள்வரை, இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதாகத் தெரிவது, ஆள் தெரியாமல் பேசுவது, காய்ச்சல், இதயத்துடிப்பு எகிறுவது என்று ஒரு நிலை வரலாம். டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று அதற்குப் பெயர். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். நீங்கள் பூட்டப்போகும் அந்த நாலு நாளும் சரியாக அந்த நாலு நாள்தான்.

மருத்துவமனையில் இதையே நிம்மதியாகக் கடக்கலாம். நரம்பை அமைதிப்படுத்தும் டயஸிபாம் வகை மருந்தைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். தயமின் ஊசி போடுவார்கள், அதாவது பி1 வைட்டமின். மிகச் சாதாரணமான ஊசி, ஆனால் அதைப் போடாமல் விட்டதால் நினைவாற்றல் நிரந்தரமாகப் போனவர்கள் உண்டு; வார்டில் அப்படி ஒருவர் ஒவ்வொரு காலையும் என்னைப் புதிதாக அறிமுகம் செய்துகொள்வார்.

தூக்க மாத்திரை, பதற்ற மாத்திரை (அல்பிரசோலம் போன்றவை) நெடுநாளாகச் சாப்பிடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். அவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். ஹெராயின் போன்ற அபின் வகையில் நிறுத்தும்போது வரும் வலியும் வாந்தியும் பேதியும் பார்க்கவே பயங்கரமாக இருக்கும், ஆனால் நேரடியாக உயிரைப் பறிப்பது அபூர்வம்; நீர்ச்சத்து இறங்காமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அவ்வளவுதான். கஞ்சாவில் தூக்கம் போகும், எரிச்சல் வரும், சாப்பாடு இறங்காது, இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும்.

மையத்துக்கு வரமாட்டேன் என்கிறவர் ஒரு வாரம் மருத்துவமனைக்கு வருவாரா என்று கேட்டுப் பாருங்கள். பல ஆண்களுக்கு மையம் என்ற சொல்தான் முள்ளாகக் குத்துகிறது. "கை நடுக்கத்துக்குப் பார்க்கலாம், வாங்க" என்றால் கிளம்பிவிடுவார்கள்.

கேள்வி: குடியை நிறுத்தும் மாத்திரை இருக்கிறதாமே, அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா?

பதில்: கூடாது. ஒன்பது பேர் இதையே கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் சொல்வது டைசல்ஃபிரம். ரப்பர் தொழிலில் பயன்படும் ரசாயனம் அது. அதோடு புழங்கிய தொழிலாளிகளுக்கு மது ஒத்துக்கொள்ளாமல் போனதை 1930களிலேயே ஒரு மருத்துவர் கவனித்து எழுதியிருக்கிறார். 1940களின் கடைசியில் டென்மார்க்கில் அதை மருந்தாக்கினார்கள். மது உடம்பில் உடையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைட் என்ற நச்சு மேற்கொண்டு உடையாமல் தேங்கும்படி இது செய்துவிடும். முகம் சிவக்கும், வாந்தி வரும், மூச்சு முட்டும், ரத்த அழுத்தம் சரியும். இதய நோய் இருப்பவருக்கு அதுவே கடைசியாகிவிடலாம். "குடித்தால் இப்படி ஆகும்" என்று தெரிந்து, ஒப்புக்கொண்டு, விழுங்குகிறவருக்கு அந்தப் பயம்தான் மருந்து. தெரியாதவருக்கு அதில் பயம் ஏது, விஷம் மட்டும்தான் இருக்கிறது. கடைசி மாத்திரை போய் இரண்டு வாரம்வரைகூட எதிர்வினை வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு நாள் அவருக்கு விஷயம் தெரியவரும், அதற்குப் பிறகு நீங்கள் வைக்கும் எந்தத் தட்டையும் அவர் நம்பிச் சாப்பிட மாட்டார்.

கேள்வி: மகனுக்கு 21 வயது. கஞ்சாவில் தொடங்கி மாத்திரைக்குப் போய்விட்டான். கடன் வாங்கி மூன்று மாதம் ஒரு மையத்தில் வைத்தோம். நன்றாகத் தேறி, கன்னமெல்லாம் வைத்து, சிரித்துக்கொண்டே வந்தான். பதினோராம் நாள் மறுபடி. அவன் அப்பா இனி ஒரு பைசா செலவழிக்க மாட்டேன் என்கிறார். எல்லாம் வீண்தானா?

பதில்: பதினோராம் நாள் என்று எண்ணி வைத்திருக்கிறீர்கள் பாருங்கள், அந்தப் பதினோரு நாளும் நீங்கள் எப்படித் தூங்கியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

வீண் இல்லை. உங்கள் கணவருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறதா? இருந்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர்கள் சிலர் இந்த ஒப்பீட்டைச் செய்து பார்த்தார்கள். போதைச் சிகிச்சை முடித்தவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேர் ஒரு வருடத்துக்குள் மறுபடி தொடுகிறார்கள். ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகளில் மருந்தை விட்டோ பத்தியத்தை விட்டோ மறுபடி மோசமாகிறவர்கள் 50 முதல் 70 சதவீதம். பிரஷர் ஏறிப்போன மனிதரை யாரும் "உனக்காக இனி ஒரு பைசா செலவழிக்க மாட்டேன்" என்று சொல்வதில்லை, மருந்தை மாற்றிக் கொடுக்கிறோம். உங்கள் பையன் விஷயத்திலும் மருந்து மாற்ற வேண்டிய நேரம் வந்திருக்கிறது.

சரி, ஏன் பதினோராம் நாள்? வியட்நாம் போர்க்காலத்துக் கதை ஒன்று உண்டு. அங்கே போன அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தார்கள். 1971இல் அவர்கள் ஊர் திரும்பியபோது நாடே நடுங்கியது. லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடித் தேடிப் போய்ப் பார்த்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில் முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் வெறும் 5 சதவீதம்தான்! முதலில் யாருமே நம்பவில்லை. காரணம் பலவாறாகச் சொல்கிறார்கள், ஆனால் ஒன்று கண்ணுக்கு நேராகத் தெரிகிறது: அவர்கள் பழகிய இடமும் கூட்டாளிகளும் துப்பாக்கிச் சத்தமும் கடல் கடந்து பின்னால் நின்றுவிட்டன. உங்கள் பையனுக்கு நடந்தது நேர்த்தலைகீழ். விட்டது மையத்துக்குள், திரும்பி வந்தது அதே அறைக்கு, அதே மொட்டை மாடிக்கு, அதே நண்பன் கூப்பிடும் அதே போனுக்கு. மூளைக்கு இந்த இடங்களெல்லாம் மணி அடிக்கும். தெருமுனையைப் பார்த்ததும் வயிறு புரட்டுகிறது, வாய் ஊறுகிறது என்று என்னிடம் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே மையத்திடம் கேளுங்கள்: வெளியே வந்த பிறகு என்ன திட்டம் வைத்திருந்தீர்கள்? வாரம் ஒரு முறை கவுன்சலிங்குக்கு வரச் சொன்னார்களா, சிறுநீர்ப் பரிசோதனைக்கு நாள் குறித்தார்களா, உங்களிடம் யாராவது உட்கார்ந்து பேசினார்களா? இல்லை என்றால் அவர்கள் பாதி வேலையை மட்டும் செய்துவிட்டு முழு வேலைக்கும் காசு வாங்கியிருக்கிறார்கள். சிகிச்சை மூன்று மாதத்துக்குக் குறைந்தால் பலன் குறைவு என்பது இந்தத் துறையில் பொதுவாக ஒப்புக்கொண்ட கணக்கு, ஆனால் அந்த மூன்று மாதமும் உள்ளேயே இருக்க வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. ஒரு மாதம் உள்ளே, ஒரு வருடம் வெளியே இருந்தபடி சிகிச்சை என்றால் அது பல பேருக்கு மூன்று மாதம் உள்ளே இருப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது, செலவும் குறைவு. அவன் அப்பாவிடம் இந்த இடத்திலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.

இன்னொன்று, இந்த வயதுப் பையன்களிடம் போதைக்கு முன்னாலேயே வேறு ஏதாவது இருந்ததா என்று நான் எப்போதும் தேடுவேன். மனச்சோர்வு, பதற்றம், சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் உட்கார முடியாத கவனக்குறைவு, சில சமயம் காதில் குரல் கேட்பது. அதைப் பார்க்காமல் போதையை மட்டும் பிடித்து இழுத்தால் அது திரும்பித்தான் வரும். ஒரு மனநல மருத்துவர் அவனை நிதானமாகப் பார்த்தாரா?

கேள்வி: தம்பி சம்மதிக்கவே மாட்டான் என்று தெரியும். ஒரு மையத்தில் கேட்டோம். ராத்திரி வண்டியில் நாலு பேர் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். ஆறு மாதம் பார்க்க வரக் கூடாது, போனும் கிடையாது, "கொஞ்சம் கண்டிப்பாக இருப்போம், கண்டுகொள்ளாதீர்கள்" என்கிறார்கள். அம்மா சரி என்று சொல்லிவிட்டாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

பதில்: உங்கள் மனசு சொல்வதைக் கேளுங்கள். ஆறு மாதம் பார்க்கக் கூடாது என்பதற்கும் கண்டுகொள்ளாதீர்கள் என்பதற்கும் ஒரே அர்த்தம்தான், உள்ளே நடப்பது வெளியே தெரிய வேண்டாம் என்கிறார்கள்.

இந்தத் துறைக்கு ஓர் இருண்ட வரலாறு உண்டு. 1958இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சார்ல்ஸ் டெடரிக் என்பவர் சினனான் என்று ஓர் இடம் தொடங்கினார். போதையை விட்டவர்கள் சேர்ந்து வாழ்ந்து ஒருவரை ஒருவர் திருத்துவது என்பது யோசனை. பத்திரிகைகள் கொண்டாடின, அரசியல்வாதிகள் போய்ப் பார்த்தார்கள். வட்டமாக உட்காரவைத்து ஒருவரை மற்றவர்கள் எல்லோரும் கத்தித் திட்டுவதுதான் அங்கே முக்கியமான சிகிச்சை. கொஞ்சம் கொஞ்சமாக அது ஒரு சாமியார் மடம் மாதிரி ஆகி, மொட்டை அடிப்பது, கட்டாயக் குடும்பக் கட்டுப்பாடு, தம்பதிகளைப் பிரிப்பது என்று போய், 1978இல் அவர்களை எதிர்த்து வழக்கு நடத்திய வழக்கறிஞரின் தபால் பெட்டிக்குள் ராட்டில்ஸ்நேக் என்ற விஷப்பாம்பை வைக்கும் அளவுக்கு முற்றியது. (வாலில் கிலுகிலுப்பை உள்ள பாம்பு. சத்தம் வராதபடி கிலுகிலுப்பையை முன்கூட்டியே நீக்கியிருந்தார்கள். கடிபட்டவர் பிழைத்துக்கொண்டார்.) அந்த இடம் மூடிவிட்டது, ஆனால் திட்டி உடைத்தால்தான் ஆள் திருந்துவான் என்ற நம்பிக்கை பல நாடுகளுக்குப் பரவி இன்றும் உயிரோடு இருக்கிறது. உங்களுக்குக் கிடைத்த "கொஞ்சம் கண்டிப்பு" அந்த வழியில் வந்ததுதான்.

அடைத்துவைத்துத் திருத்தும் இடங்களை மூட வேண்டும் என்று 2012இல் ஐ.நா.வின் 12 அமைப்புகள் சேர்ந்தே அறிக்கை விட்டன. மனித உரிமை ஒரு காரணம், பலன் இருப்பதாகச் சான்று இல்லை என்பது இன்னொரு காரணம்.

அப்படியானால் வர மறுக்கிறவனை என்ன செய்வது? இதற்கு ஒரு வழி இருக்கிறது, ஆனால் மெதுவான வழி. ராபர்ட் மையர்ஸ் என்பவர் குடும்பத்தாருக்கென்றே ஒரு பயிற்சியை உருவாக்கினார். அவன் போதையில் இல்லாத நேரத்தில் கூட உட்காருங்கள், பேசுங்கள், பிடித்ததைச் செய்யுங்கள். போதையில் வந்தால் சண்டை போடாமல் விலகிப் போங்கள். அவன் வேலைக்குப் போகாததற்கு நீங்கள் போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொல்லாதீர்கள். அவன் செய்ததன் விளைவு அவனிடமே போய்ச் சேரட்டும். அப்புறம், அவனே நொந்துபோய் "என்னால் முடியலைக்கா" என்று சொல்லும் ஒரு காலைப்பொழுது வரும், அன்றைக்கே அழைத்துப்போக இடம் தயாராக இருக்க வேண்டும், நாளைக்கு என்றால் அவன் மனசு மாறிவிடும். குடிகாரர்களின் குடும்பங்களை வைத்து 1999இல் வெளியான ஓர் ஆய்வில் இந்த வழியில் போனவர்களில் 64 சதவீதம் பேர் தங்கள் ஆளைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். குடும்பமே சேர்ந்து அவரை உட்காரவைத்து முகத்துக்கு நேரே பேசிச் சிகிச்சைக்கு வற்புறுத்தும் முறையில் அது 30 சதவீதம்தான். அடிக்காமல், தூக்காமல்.

உயிருக்கே ஆபத்து, அல்லது புத்தி பேதலித்துப்போயிருக்கிறது என்றால் அது வேறு விஷயம். அப்போது மருத்துவமனைதான், மருத்துவர் முடிவோடு, சட்டம் சொல்லும் வழியில்.

ஒரு மையத்தைப் பார்க்கப் போனால் நான் முதலில் கழிப்பறையைப் பார்ப்பேன், சிரிக்காதீர்கள். பிறகு, ராத்திரி இரண்டு மணிக்கு வலிப்பு வந்தால் யார் வருவார், மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறார், செவிலியர் உண்டா, மருந்து அலமாரி யார் பொறுப்பில் இருக்கிறது என்று கேட்பேன். உள்ளே இருக்கும் ஒருவரிடம் தனியாகப் பேச விடச் சொல்லுங்கள். விடவில்லை என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். நூறு சதவீதம் குணம் என்று பலகை வைத்திருந்தாலும் அதேதான். உரிமம் சுவரில் இருக்க வேண்டும், அதில் தேதி இருக்க வேண்டும். "எங்கள் ஊழியர்கள் எல்லோரும் பழைய போதைக்காரர்கள்தான், அவர்களுக்கு எல்லாம் தெரியும்" என்பார்கள். மீண்டு வந்தவர்கள் கூட இருப்பது பெரிய பலம்தான், நானே அவர்களிடம் நிறையக் கற்றுக்கொண்டிருக்கிறேன், ஆனால் வலிப்புக்கு ஊசி போட அனுபவம் போதாது.

கேள்வி: அண்ணனுக்கு ஹெராயின் பழக்கம். டாக்டர் புப்ரெனார்ஃபின் என்று ஒரு மாத்திரை தினமும் நாக்குக்கடியில் வைக்கச் சொல்கிறார், வருடக்கணக்கில் எடுக்கணுமாம். ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?

பதில்: நியாயமான சந்தேகம், மருத்துவர்களே பல வருடம் இப்படித்தான் சண்டை போட்டார்கள்.

1960களின் நடுவில் நியூயார்க்கில் வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் ஹெராயின் பழக்கம் உள்ளவர்களுக்குத் தினமும் மெத்தடோன் என்ற அபின் வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நாள் முழுக்க அடுத்த ஊசிக்கு அலைந்துகொண்டிருந்தவர்கள் படிக்கவும் வேலை தேடவும் ஆரம்பித்தார்கள். ஹெராயின் வேகமாக ஏறி வேகமாக இறங்கும். அந்த ஏற்றம்தான் போதை, அந்த இறக்கம்தான் அலைச்சல். மெத்தடோனும் புப்ரெனார்ஃபினும் மெதுவாக ஏறி நெடுநேரம் ஒரே மட்டத்தில் நிற்கும். சரியான அளவில் எடுப்பவருக்குக் கிறக்கம் இராது, நடுக்கமும் இராது, வேலைக்குப் போய்வருவார். புப்ரெனார்ஃபினில் இன்னொரு வசதி, ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதன் வேகம் கூடாது. (மதுவையும் தூக்க மாத்திரையையும் மேலே சேர்த்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், அண்ணனிடம் சொல்லிவையுங்கள்.) இரண்டையும் 2005இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

உடம்புக்குப் பழகிப்போன மருந்து வேறு, அடிமைத்தனம் வேறு. இன்சுலின் போடுகிறவர் இன்சுலினுக்கு அடிமை என்று யாரும் சொல்வதில்லை.

"மருந்தே வேண்டாம், மனவுறுதியால் விடு" என்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். அபின் வகையை முழுவதும் நிறுத்திய ஒரு சில வாரத்திலேயே உடம்பின் தாங்குசக்தி இறங்கிவிடும். மனசோ பழைய அளவைத்தான் நினைவில் வைத்திருக்கும். மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்து, ஒரே ஒரு முறை என்று பழைய அளவைப் போட்டவர்கள் மூச்சு நின்று போனதை நான் பார்த்திருக்கிறேன். வெளியே வந்த முதல் சில வாரம்தான் மிக ஆபத்தான காலம், இது எந்த நாட்டில் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது. மருந்தில் இருப்பவர்களிடம் இந்தச் சாவு மிகவும் குறைவு.

மருத்துவரைக் கேட்டு நலோக்சோன் ஒன்று வீட்டில் வாங்கிவையுங்கள், மூக்கில் அடிப்பதோ ஊசியோ. மூச்சு நின்றுகொண்டிருப்பவரை நிமிடங்களில் திருப்பிக் கொண்டுவரும். அருகில் இருக்கக்கூடிய குடும்பத்தார் கையிலேயே இது இருக்க வேண்டும் என்று 2014இலேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. ஆனால் அதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும், உள்ளே இருக்கும் போதை அதற்கு மேலும் நிற்கும். கண் விழித்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: நான்காம் மாதக் கர்ப்பம். எனக்கே பழக்கம் இருக்கிறது, வலி மாத்திரை. யாருக்கும் தெரியாது. இன்றே நிறுத்திவிடட்டுமா?

பதில்: நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள் தங்கச்சி. அபின் வகை மாத்திரை என்றால் சட்டென்று நிறுத்துவது உங்களையும் குழந்தையையும் சேர்த்து உலுக்கும், மறுபடி தொடும் வாய்ப்பும் அதிகம். மெத்தடோனோ புப்ரெனார்ஃபினோ கொடுத்துக் கர்ப்பத்தை நிலையாகக் கொண்டுபோவதுதான் உலகெங்கும் பரிந்துரைக்கும் வழி. பிறந்த குழந்தைக்குச் சில நாள் நடுக்கமும் அழுகையும் இருக்கலாம், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். பயமாக இருந்தால் "டாக்டர், நான் இந்த மாத்திரை சாப்பிடுகிறேன்" என்று ஒரு தாளில் எழுதி நீட்டினால் போதும்.

கேள்வி: நான்தான் பழக்கத்தில் இருந்தவன். மெத், அதாவது மெத்தாம்ஃபெட்டமின் என்ற ஊக்கப் போதை. விட்டு எட்டு மாதம் ஆகிறது. அம்மா இன்னும் என் சட்டைப் பையைத் தடவுகிறாள். கழிப்பறையில் ஐந்து நிமிடம் கூடுதலாக இருந்தால் கதவைத் தட்டுகிறார்கள். ஒரு சந்தோஷமும் இல்லை, எல்லாம் சாம்பல் கலரில் இருக்கிறது. இதற்கு எடுத்தே தொலைக்கலாம் போல இருக்கிறது.

பதில்: எட்டு மாதம்! தம்பி, இந்த இதழில் நான் படித்த கடிதங்களிலேயே இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது, கடைசி வரியைத் தவிர.

அந்தச் சாம்பல் நிறத்துக்குக் காரணம் இருக்கிறது. சந்தோஷ உணர்வுக்கு உதவும் டோபமைன் என்ற மூளை ரசாயனத்தை மெத் கொள்ளையடித்துவிட்டுப் போயிருக்கிறது. மூளைப் படம் எடுத்துப் பார்த்தவர்கள், ஒரு வருடத்துக்கு மேல் விலகி இருந்தவர்களிடம் சேதம் கணிசமாகச் சரியாவதைக் கண்டிருக்கிறார்கள். எட்டு மாதம் என்றால் நீங்கள் பாதி வழியில் நிற்கிறீர்கள், இன்னும் வெளிச்சம் வராத பாதி. ஓடுங்கள், நீந்துங்கள், எதையாவது தூக்குங்கள். சலிப்பாகத்தான் இருக்கும், இருந்தாலும் செய்யுங்கள். ஆறு வாரமாகக் கொஞ்சம்கூட மாறவில்லை என்றாலோ, செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தாலோ, இன்றே மருத்துவரிடம் போங்கள், மனச்சோர்வுக்குத் தனி மருந்து உண்டு.

மெத்துக்கென்று நிரூபணமான மாத்திரை இதுவரை வரவில்லை. நன்றாக வேலை செய்வதாகத் தெரிவது கேட்கச் சிறுபிள்ளைத்தனமான ஒரு முறை: பரிசோதனையில் சுத்தமாக இருந்தால் சின்னப் பரிசு, அடுத்த முறையும் சுத்தம் என்றால் இன்னும் கொஞ்சம் பெரிய பரிசு, நடுவில் தவறினால் பழையபடி முதலிலிருந்து. லஞ்சம் கொடுத்து நல்லவனாக்குவதா என்று முதலில் நானும் சிரித்தேன். அப்புறம் சிரிப்பதை விட்டுவிட்டேன்.

சட்டைப் பை விஷயத்தில் அம்மாவிடம் ஒப்பந்தம் போடுங்கள். வாரம் ஒரு நாள், நீங்களே முன்வந்து, சிறுநீர்ப் பரிசோதனை செய்து முடிவை அவர் கையில் கொடுங்கள். அதற்குப் பதிலாகப் பையைத் தடவுவதும் கதவைத் தட்டுவதும் நிற்க வேண்டும். எத்தனை வருடம் அவர்கள் பையில் பயத்தைத் தேடிப் பழகியிருக்கிறார்கள், கை உடனே நிற்காது. முதல் மாதம் ஒப்பந்தத்தை மீறுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போதையை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே கடவுள், மேலான சக்தி என்றெல்லாம் பேசுகிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை.

பதில்: ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் இரண்டு குடிகாரர்கள் பேச ஆரம்பித்ததில் பிறந்தது, மற்ற போதைப் பழக்கங்களுக்கான நார்கோடிக்ஸ் அனானிமஸ் 1953இல் வந்தது. உள்ளே வர நிபந்தனை ஒன்றே ஒன்று, விட வேண்டும் என்ற விருப்பம். மேலான சக்தி என்ற இடத்தில் அந்தக் கூட்டத்தையே வைத்துக்கொண்ட நாத்திகர்கள் பலர் உண்டு. மூன்று கூட்டம் போய்ப் பாருங்கள், ஒன்று பிடிக்கவில்லை என்றால் வேறு ஒன்று. ராத்திரி பதினொரு மணிக்கு நாக்கு இழுக்கும்போது கூப்பிட ஒரு நம்பர் அங்கே கிடைக்கும், நான் அந்த நேரத்தில் போனை எடுக்க மாட்டேன்.

கேள்வி: இவர் வெள்ளிக்கிழமை மையத்திலிருந்து வருகிறார். 75 நாள் ஆயிற்று, ஹெராயின்தான். வீட்டில் என்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: விருந்து வேண்டாம், சொந்தக்காரர்களைக் கூட்டாதீர்கள். "இனிமேல் தொட மாட்டேன்" என்று சத்தியம் வாங்காதீர்கள், சத்தியம் செய்தவர் தவறினால் சொல்லாமல் மறைப்பார், மறைத்துத் தனியாகப் போடுகிறவர்தான் சாகிறார். தவறினால் முதலில் என்னிடம் சொல்லுங்கள், திட்ட மாட்டேன் என்று நீங்கள் சத்தியம் செய்து கொடுங்கள்.

அறையைப் பிரித்துப் போட்டுச் சுத்தம் செய்யுங்கள், மெத்தைக்கடி, புத்தகத்துக்குள், கழிப்பறைத் தொட்டிக்குள் எல்லாம். கட்டிலை வேறு சுவருக்கு நகர்த்துங்கள், அற்ப விஷயம்தான், ஆனாலும் நகர்த்துங்கள். திங்கட்கிழமைக்கே மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள். புப்ரெனார்ஃபினோ, அபின் வகையின் போதை ஏறாமல் தடுக்கும் நால்ட்ரெக்சோனோ தொடரப்போகிறார்களா என்று கிளம்பும் முன் மையத்திலேயே எழுதி வாங்குங்கள். நலோக்சோன் எந்த அலமாரியில் இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிய வேண்டும். கழிப்பறைத் தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி இருக்கட்டும். முதல் மாதம் பகலில் மூன்று மணி நேரமாவது அவருக்குப் போக ஓர் இடம் வேண்டும், வேலையோ, கூட்டமோ, யாருக்காவது உதவியோ. சும்மா உட்காரும் மத்தியானம் ரொம்ப நீளம்.

வெள்ளிக்கிழமை கூப்பிடப் போகும்போது அவருடைய பழைய போனை மட்டும் கையோடு எடுத்துப் போகாதீர்கள். புது நம்பர் ஒன்று வாங்கி, அதில் உங்கள் பெயர், மருத்துவர், கூட்டத்து நண்பர் என்று மூன்றை மட்டும் போட்டு வைத்திருங்கள்.